கண்ணை மூடிய அரை நிமிடம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஐந்து பேர். ஒவ்வொருவரும் உள்ளே வருவதற்கு முன் எதிர் நாற்காலியில் கை வைத்து ஒரு நிமிடம் பிரார்த்தனை. மனநல ஆலோசகராகப் பதினோரு வருடம், அதே அளவுக்கு இந்தப் பழக்கமும். வருகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. "கடவுளுக்கும் அப்பாயின்மென்ட் குடுத்துட்டியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்த ஒரு நிமிடம் இல்லாமல் நான் இந்த வேலையில் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு மூன்றாவது சந்திப்பு. அண்ணன் இறந்ததிலிருந்து வண்டியில் ஏறினாலே மனிதருக்குக் கை நடுங்குகிறது. இந்த மாதத்துக்குள் ஓட்டாவிட்டால் வேலை போய்விடும். இன்றுதான் வாய் திறந்தார். அண்ணனைத் தன் வண்டியிலேயே ஏற்றிப்போனாராம். அதோடு நிறுத்திவிட்டார். அழவும் இல்லை, பேசவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. இவருக்குப் பேச வழி காட்டு என்று கண்ணை மூடி வேண்டினேன். அரை நிமிடம்தான், உதடும் அசைந்திருக்கும் போல. கண்ணைத் திறந்தால் ஆள் எழுந்து நிற்கிறார்.

"நீங்களுமா மேடம்?"

போய்விட்டார். நானுமா? அப்படி என்ன செஞ்சுட்டேன் நான்?

பிப்ரவரி 7

ஓட்டுநரின் நம்பரை இரண்டு தடவை எடுத்தேன், கூப்பிடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் மூத்த ஆலோசகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், பிரார்த்தனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த அரை நிமிஷம் யாருக்குத் தேவைப்பட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். சுருக்கென்றது. ஓட்டுநருக்காகத்தானே வேண்டினேன்? பஸ்ஸில் பாதி வழி வரை மூத்தவரோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். அப்புறம் ஒப்புக்கொண்டேன். எனக்குத்தான் தேவைப்பட்டது. அந்த மௌனத்துக்குள் உட்கார எனக்குப் பயம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

ஓட்டுநருக்குப் போன் செய்தேன். சாக்குப்போக்கு சொல்லவில்லை. கண்ணை மூடியது என் தவறு, வந்து நேரில் திட்டுங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

வந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு வண்டியில பின்னாடி வீட்டு ஆளுங்க எல்லாரும் கண்ணை மூடி வேண்டிட்டு இருந்தாங்க மேடம். அண்ணன் முழிச்சு ஒவ்வொரு முகமா தேடினான். கண்ணாடியில நான் பாத்தேன். பாத்துட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிட்டேன். அதோட முடிஞ்சிருச்சு."

பிறகு நெடுநேரம் மௌனம். எனக்குப் பழையபடி பயம் வந்தது. ஆனால் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுதார், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கிளம்பும்போது, "அன்னிக்கு எனக்காகவா வேண்டுனீங்க?" என்று கேட்டார். மறைக்கவில்லை. உங்களுக்காகவும், என் பயத்துக்காகவும் என்றேன்.

"வேண்டிக்கோங்க. ஆனா நான் போனப்புறம். இருக்கும்போது என்னைப் பாருங்க."

பிப்ரவரி 27, வியாழன்

மூன்று மணிக்கு ஓட்டுநரின் நேரம். இரண்டேமுக்காலுக்குப் போன் வந்தது. "இன்னிக்கு வர முடியாது மேடம். டியூட்டியில இருக்கேன்." பின்னால் சைரன் சத்தம் கேட்டது, பக்கத்து ஆளிடம் போனைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே பேசுகிறார்.

அறையில் யாரும் இல்லை. நாற்காலியில் கை வைத்தேன். அவருக்கு ஒதுக்கிய ஐம்பது நிமிடம் முழுசாக இருந்தது. நிதானமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.