இரண்டு முறை திருப்பிய கடிகாரம்

டீனா அப்பாவுக்கு,

உளுந்து வாங்க டவுன்ஹால் கடைவீதிக்குப் போகிறேன். சோறும் தக்காளிக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கடைக்காரர் வந்தால் வாளியில் இருக்கும் இட்லி மாவைக் கொடுத்துவிடுங்கள்.

கூடத்துக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். நேற்று, "நேரமே இல்லாம ஊட்ல என்ன மாவு யாவாரம், அம்மணி?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனீர்கள். கோபத்தில் நான் முள்ளை அரை மணி முன்னால் தள்ளி வைத்தேன். நீங்களும் டீனாவும் சீக்கிரம் கிளம்பினால் மாவாட்ட நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

இன்று மாவோடு போனால் கடையே திறக்கவில்லை. பள்ளிக்கூடக் கேட் பூட்டியிருக்கிறது என்று டீனாவும் திரும்பி வந்துவிட்டாள். மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதியபோது நம் கடிகாரத்தில் ஒன்பது.

"அப்பாவும் ஸ்டூல் போட்டு ஏறுனாருங்கம்மா. அம்மாகிட்டச் சொல்லாத கண்ணுன்னாரு" என்கிறாள்.

ஏனுங்க, எதற்கு? எனக்கு நேரம் கிடைக்கட்டும் என்றா, என் முகத்தில் விழிக்காமல் சீக்கிரம் கிளம்பவா? காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நான் வரும்வரை முள்ளைத் தொடாதீர்கள். எவ்வளவு திருப்புவது என்று சேர்ந்தே பேசிக்கொள்ளலாம்.

ரூத்

குழம்பில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறது. அடுத்த முறை ஏறும்போது கூப்பிடுங்கள், பிடித்துக்கொள்கிறேன்.