ஆறு மாடங்களின் பாட்டு

நாள் 341, காலை 06:10
தொடர்பு நிலையம். காற்றழுத்தம் சரி. வெப்பம் பதினெட்டு. வெளியே தூசி குறைவு. ஆறு மாடங்களிலிருந்தும் மின்சாரம் வருகிறது. பலகையில் மாடத்துக்கு ஒன்றாக ஆறு பச்சை விளக்குகள்.

இந்தக் குறிப்பேடு நிலையத்து இயந்திரத்தில்தான் இருக்கிறது. எனக்குப் பின் வருகிறவர் படிக்கட்டும். நான் இசக்கியம்மாள். வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். செவ்வாய்க் கிரகத்தில் மக்கள் குடியிருக்கும் ஆறு மாடங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு கிடையாது. ஒரு மாடம் இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால் குரல் இங்கே வந்துதான் போக வேண்டும். ஆள் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். அவர்கள் பேசுவார்கள். நான் தட்டச்சில் பதில் அனுப்புவேன்.

நாள் 341, பகல் 13:40
மூன்றாம் மாடத்தின் சொர்ணவல்லி அக்கா பாட்டு அனுப்பினார். அங்கே காற்று வடிகட்டி கழுவும் வேலை அவருக்கு. பதினோரு நிமிடப் பாட்டு. சுயாட்சி நாளன்று மதியம் எல்லா மாடங்களிலும் ஒலிக்க வேண்டும். மாடத்துக்கு ஒரு கண்ணி. இந்த ஒரு வருடத்தில் அங்கங்கே நடந்ததைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். தன் மாடத்தையும் விடவில்லை.

"ஏ இசக்கி, கேட்டியா? நல்லாயிருக்குன்னா நல்லாயிருக்குன்னு சொல்லு. ஊமைச்சியாட்டம் இருக்காத."

நான்கு முறை கேட்டேன். "நல்லாயிருக்கு" என்று தட்டினேன். அதற்கு மேல் வரவில்லை.

நாள் 342, காலை 09:15
முன்பு தலைமையகம் ஒன்றுதான். அங்கே ஓர் அதிகாரி, அவரிடம் ஒரு பட்டியல். அவர் வேண்டாம் என்றால் எந்தப் பாட்டும் எங்கும் ஒலிக்காது. போன வருடம் அதிகாரத்தைப் பிரித்து ஆறு மாட மன்றங்களிடம் கொடுத்தார்கள். சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: தன்னைப் பற்றிய வரிகளை அந்தந்த மன்றமே நீக்கச் சொல்லலாம். நீக்க வேண்டியவள் நான். அதனால் நேற்றிரவே ஆறு மன்றங்களுக்கும் பாட்டை அனுப்பியிருந்தேன்.

முதல் மாடத்துச் செயலர் தம்புராஜ்:
"ஏனுங் அம்மிணி, பாட்டு ஜோருங். மத்த அஞ்சு மாடத்தையும் வெளுத்து வாங்கியிருக்குது. நம்மளுத மட்டும் எடுத்துருங். தண்ணிக் குழாய் சமாச்சாரம் வேண்டாமுங்."

இதை எழுதி முடிப்பதற்குள் இன்னும் நான்கு மன்றங்கள் அதையே கேட்டன. மற்ற ஐந்தும் அருமை, எங்களுடையது மட்டும் வேண்டாம்.

நாள் 342, மாலை 17:50
ஆறாம் மாடம். என் ஊர். மன்றத் தலைவர் ஐயம்பெருமாள், என் அப்பா.

"ஏட்டி, சாப்டியா? அந்தப் பாட்டுல நம்ம கண்ணிய மட்டும் விட்டுரு. கேட்டா சனங்க தப்பா நினைப்பாங்கட்டி."

தலைமையகம் பாட்டுகளைத் தடுத்தபோது அப்பா எதிர்த்துப் பேசி எட்டு மாதம் சிறையில் இருந்தார். ஆறாம் கண்ணி, பள்ளிக்கூடத்தின் காற்றை மன்ற மண்டபத்துக்குத் திருப்பிவிட்டதைப் பாடுகிறது. அப்படித்தான் எங்கள் பள்ளி மூடப்பட்டது. அப்படித்தான் என் படிப்பு நின்றது. உத்தரவில் கையெழுத்து அப்பாவுடையது. இத்தனை நாளில் வேறு யாரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 343, காலை 08:05
ஆறு பேர் கேட்டதையும் வெட்டிப் பார்த்தேன். மிஞ்சியது நாற்பது விநாடி. தாளம், கடைசியில் வணக்கம்.

சொர்ணவல்லி அக்கா: "தலைமையகத்துக்காரன் முழுசா நிறுத்துவான். நாம பாடினத நிறுத்திட்டான்னாவது ஊருக்குத் தெரியும். இது என்னடி? தாளத்தக் கேட்டுட்டுக் கை தட்டுவாங்க. அதுக்கு என் பேரப் போடாத."

நாள் 343, பகல் 12:30
வெட்ட மாட்டேன் என்று ஆறு மன்றங்களுக்கும் தட்டினேன். அனுப்பியபின் வெந்நீர் வைத்துக் குடிக்க மறந்தேன்.

நாள் 343, பகல் 14:02
முதல் மாடம் தன் மின்சாரத்தை நிறுத்தியது. ஐந்து விளக்கு.

"கோவிச்சுக்காதீங் அம்மிணி. நாங்க ஒருத்தர் நிறுத்துனா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங். மத்தவங்க குடுப்பாங்கல்ல?"

நாள் 344, காலை 07:20
இரவு தூங்கவில்லை. எழுந்து எழுந்து பலகையைப் பார்த்தேன். கணக்கு இது: ஒரு மாடத்தின் மின்சாரம் போதும், காற்று இயந்திரமும் ஒலிபரப்பும் இந்தக் குறிப்பேட்டு இயந்திரமும் ஓடும். அதுவும் போனால் எல்லாம் நிற்கும், உள்ளே இருக்கும் காற்று நாற்பது நிமிடம். பக்கத்து மாடம் எழுபது கிலோமீட்டர். வண்டி மாதம் ஒருமுறைதான் வரும்.

பழைய அதிகாரி திரும்பி வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை யாராவது அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாள் 345, பகல் 12:00
சுயாட்சி நாள். ஆறு மண்டபங்களிலும் கூட்டம். முழுப் பாட்டையும் ஓடவிட்டேன்.

12:02
முதல் கண்ணி முடிந்தது. முதல் மாடத்திலிருந்து ஒரு பெண் குரல், யாரென்று தெரியவில்லை: "அட, எங்க குழாயப் பத்தியா பாடறாங்க!" பின்னால் சிரிப்பு. யாரோ ஒலிவாங்கியைப் பிடுங்கும் சத்தம்.

12:04
இரண்டாம் கண்ணி. பாதியில் இரண்டாம் மாடத்து விளக்கு அணைந்தது. நான்கு.

12:06
மூன்றாவதும் போனது. சொர்ணவல்லி அக்காவின் குரல் ஒரு நொடி வந்தது: "நிறுத்தாத புள்ள." பிறகு இல்லை. மூன்று.

மற்றவர்களும் நிறுத்துகிறார்கள் என்று மீதி மூன்று மாடங்களுக்கும் தட்டினேன். நான்காம் மாடம்: "எங்க பங்கு மட்டுந்தாம்மா. சும்மா ஒரு கண்டிப்புக்கு."

12:08
இரண்டு. வெப்பமூட்டி நின்றது. விரல் மரத்துப்போகிறது, எழுத்து தப்பானால் மன்னிக்கவும்.

12:09
ஐந்தாவதும் போய்விட்டது. ஒரே ஒரு விளக்கு. ஆறாம் மாடம்.

அப்பாவுக்குத் தட்டினேன்: அஞ்சு பேரும் நிறுத்திட்டாங்க. உங்க மின்சாரத்துலதான் மூச்சு விடுறேன்.

"பொய் சொல்லாதட்டி. அஞ்சு மன்றமும் சேந்து அப்படிச் செய்யுமா? அதுக்கா நாங்க செயிலுக்குப் போனோம்? இங்க மின்சாரத்த நிறுத்துறதுக்கு ஓட்டு நாலுக்கு நாலு நிக்குது. என் ஓட்டுதான் பாக்கி. பாட்ட நிறுத்து. நிறுத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

முதல் முறையாக ஒலிவாங்கியை எடுத்தேன். குரல் கரகரத்தது. "பொய் இல்லப்பா" என்றேன். பாட்டை நிறுத்தவில்லை.

அவர் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம்.

12:10
ஆறாம் கண்ணி தொடங்கிவிட்டது. முதல் அடி போயிற்று. பள்ளிக்கூடம் என்ற சொல் வந்துவிட்டது. எங்கள் மண்டபத்தில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். விளக்கு எரிகிறது.

இரண்டாம் அடி. எரிகிறது.

மூன்றாம் அடியில் அப்பா பெயர் வரும். இதோ. எரிகி