தோற்க வேண்டிய வாரம்

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த என் பணி ஓய்வுப் படம் நேற்று ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. பின்பக்கத்துப் பழுப்புத் தாள் மட்டும் ஒரு மூலையில் கிழிந்து, பழைய மைதாப் பசையின் வாடை வந்தது. உங்கள் கடையின் வாடை. தாளைத் தடவிக் கொடுத்தபோது பென்சிலால் போட்ட ஒரு சின்னப் படம் கண்ணில் பட்டது. இரண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு. மூக்குக் கண்ணாடி. அதுதான் உங்கள் கடையில் என் பெயர்.

உங்கள் கடையில் யாருக்கும் எழுத்தில் பெயர் கிடையாது. ஆட்டோ ஏழுமலைக்கு மூன்று சக்கரம். பூ விற்கும் கஸ்தூரிக்கு ஒரு முழம் சரம். யார் எந்தப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தாலும் பின்னால் ஒரு சித்திரம் விழும், ஒருபோதும் மாறிப் போனதில்லை. அதன் காரணம் எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு நான் அதை என்ன செய்தேன் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

படத்தை வாங்க வந்த அன்று, ஓய்வு பெற்று எனக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன், மயிலாப்பூரில் நாலு பேர் வணக்கம் சொல்லும் வாத்தியார். உங்கள் கடையில் பிள்ளையாரும் மெக்காவும் மாதாவும் கல்யாண ஜோடிகளும் சுவரில் சாய்ந்து நிற்க, மேலே டிவியில் ரெஸ்லிங் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் பார்த்துவந்த விஷயம் அது. வாய் தவறி, "அவன் காலை விட்டிருக்கக் கூடாது" என்றேன். நீங்கள் சுத்தியலைக் கீழே வைத்தீர்கள்.

"இன்னா வாத்யாரே, நீங்களும் இந்தக் கட்சியா?"

அன்று ஆரம்பித்தது. செவ்வாய்தோறும் காலையில் நேரலை. கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு என் கைபேசியில் நாம் இருவரும் பார்ப்போம். மாலையில் அதையே டிவியில் மறுபடி போடும்போது ஆட்டோ ஸ்டாண்டே வந்து நிற்கும்.

நம்மிடம் இருந்த அபிப்பிராயங்களுக்கு அளவே கிடையாது. முன்கூட்டியே முடிவு செய்த சண்டையைப் போய்ப் பார்க்கிறீர்களே என்று யாராவது கேட்டால் நான் ஓர் உதாரணம் சொல்வேன். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. அதற்காகக் கணக்கு பொய்யாகிவிடுமா, எந்த வழியில் விடைக்குப் போகிறான் என்பதுதானே பார்க்க வேண்டியது? உங்களுக்கு உதாரணம் தேவைப்படவில்லை. "சினிமால ஹீரோ ஜெயிப்பான்னு தெரியாமயா டிக்கெட் வாங்கறான்?" என்பீர்கள்.

ஒரு பகையை மூன்று மாதமாவது ஊறவிட வேண்டும் என்பது உங்கள் கட்சி. நாலாவது வாரமே சாம்பியன் பெல்ட்டைக் கைமாற்றினால், வேகாத அரிசியை இலையில் போட்ட மாதிரி என்பீர்கள். வெளியாள் குறுக்கே வந்து நாற்காலியால் அடித்து முடிக்கும் பந்தயம் எனக்கு ஆகாது. உங்களுக்கு ஆகும், ஏமாந்து தோற்றவன் திரும்பி வரும்போதுதான் கூட்டம் கத்தும் என்பது உங்கள் வாதம். நான் ஜெயிக்கிறவனைப் பார்ப்பேன், நீங்கள் தோற்கிறவனைப் பார்ப்பீர்கள். எப்படி விழுகிறான், விழுந்த பிறகு கையை எங்கே வைக்கிறான், வலியை எவ்வளவு நேரம் காட்டுகிறான் என்றெல்லாம். "பெல்ட்டு ஜெயிக்கிறவன் இடுப்புல கீது. மேட்ச்சு தோக்கறவன் கைல கீது" என்று சொன்னீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள், அதை இப்போது எழுதவே கை கூசுகிறது. "தூக்கிப் போடறவன் கைலதான் வுழறவன் கழுத்து கீது. அவன நம்பித்தான் இவன் ஒடம்பக் குடுக்கறான்."

அன்றைய பந்தயப் பட்டியலைக் கைபேசியில் நீட்டும்போதெல்லாம் நீங்கள், "கண்ணாடி வூட்ல கீது வாத்யாரே, நீங்களே பட்ச்சு சொல்லுங்க" என்பீர்கள். நான் படிப்பேன். திரையில் ஓடும் ஆங்கிலப் பெயர்களையும் வாய்விட்டுப் படிப்பேன். மயிரிழை பிசகாமல் கண்ணாடி அறுக்கிறவருக்கு எழுத்தைப் பார்க்க மட்டும் மூக்குக் கண்ணாடி எதற்கு என்று ஒரு மாதம் கழித்துத்தான் தோன்றியது. வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தொண்டை வலி என்பார்கள், புத்தகத்தை மறந்துவிட்டேன் என்பார்கள். அவர்களை நான் வகுப்புக்கு நடுவே நிறுத்திக் கேட்டதில்லை. உங்களையும் கேட்கவில்லை. ஒரு நாள் நீங்களாகவே, பசை தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னீர்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எங்க வூட்டம்மாக்குத் தெரியும், அப்புறம் உங்களுக்கு. அவ்ளோதான்."

கற்றுத் தருகிறேன் என்றேன். "நீங்க பட்ச்சு சொல்றீங்களே, அது நல்லாக்கீது" என்று முடித்துவிட்டீர்கள்.

மாலைச் சண்டை தற்செயலாகத் தொடங்கியது. ஒரு செவ்வாய் ஒரு பந்தயத்தின் முடிவு சரியா தப்பா என்று நாம் நிஜமாகவே கத்திக்கொண்டோம். ஆட்டோக்காரர்கள் டிவியை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தார்கள். ஏழுமலை, "வாத்யார் இன்னா இப்படி சூடாவறாரு" என்று பெஞ்சை நம் பக்கம் திருப்பிப் போட்டார். அடுத்த வாரம் காலையிலேயே தேநீரோடு உட்கார்ந்து மாலைச் சண்டையைத் திட்டம் போட்டோம். நான் நல்லவன் கட்சி, நீங்கள் வில்லன் கட்சி. இந்த வாரம் யார் கை மேலே, யார் கோபித்துக்கொண்டு போக வேண்டும், எத்தனை வாரம் பேச்சுவார்த்தை கிடையாது என்று எல்லாம் பேசி வைத்தோம். ஒரு முறை மூன்று வாரம் மாலை வேளைகளில் நான் உங்கள் கடைப்பக்கமே திரும்பாமல் எதிர் வரிசையில் நடந்தேன். கஸ்தூரி நிஜமாகவே கவலைப்பட்டு, "வயசான காலத்துல எதுக்கு சார் இந்த வீம்பு, பாய் பாவம்" என்று என்னிடம் சமாதானத் தூது வந்தாள். அன்று காலையில்கூட நாம் சேர்ந்து தேநீர் குடித்திருந்தோம். அப்படிச் சிரித்த நாட்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

அப்போதுதான் மொட்டை விவகாரம் வந்தது. அப்போது பெல்ட் வைத்திருந்த சாம்பியனுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் அதுதான் பெயர். வேறு ரெஸ்லிங் கம்பெனிக்குப் போகப்போகிறவன், போவதற்கு முன் புதிதாக வந்த ஒருவனிடம் தோற்று, பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். கடைசி நேரத்தில் படுக்க மாட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டான். அந்தப் புதியவன் என்ன செய்வதென்று தெரியாமல் ரெஃபரியைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மொட்டையை நான் ஒரு வாரம் திட்டினேன். இத்தனை வருடம் எத்தனை பேர் இவனுக்காகத் தோற்றிருப்பார்கள், தன் முறை வந்தபோது ஒரு தடவை படுத்தால் என்ன என்று. நீங்கள் திட்டவில்லை. "பயம் வாத்யாரே. தோத்தா நாலு பேர் இன்னா நெனைப்பாங்கன்னு பயம். பெரிய ஆளுக்குத்தான் அந்தப் பயம் ஜாஸ்தி" என்றீர்கள்.

அடுத்த செவ்வாய் ஜெயிப்பது உங்கள் முறை. காலையில் பேசி வைத்தது நினைவிருக்கிறது. நீங்கள் என்னை மடக்குவீர்கள், நான் பதில் இல்லாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போக வேண்டும். மாலையில் எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மொட்டையின் துரோகத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் எங்கள் பழைய தலைமையாசிரியை நிற்பதைப் பார்த்தேன். கையில் சட்டம் போட ஒரு புகைப்படம்.

"சார், நீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

உங்களுக்கு அவர் யாரென்று தெரியாது. நீங்கள் பேசி வைத்தபடியே உங்கள் வசனத்தைச் சொன்னீர்கள். "வாத்யாருக்கு சாக்பீஸ் புடிக்கத்தான் தெரியும். ரெஸ்லிங்ல அவரு ஒண்ணாங்கிளாஸ் ஃபெயிலு. சாக்பீஸ எட்த்துக்கினு வூட்டுக்குப் போங்க வாத்யாரே." பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்தார். நான் தலையைத் தொங்கப் போட வேண்டிய இடம் அது. நடந்து போக வேண்டிய இடம்.

நான் சொன்னேன்: "சொந்தக் கடை போர்டுல என்ன எழுதியிருக்குன்னே படிக்கத் தெரியாதவர்கிட்ட எனக்கு என்ன விவாதம்?"

ஏழுமலை உங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நீங்கள் நெஞ்சில் கையை வைத்தீர்கள். ஸ்டூலிலிருந்து மெல்லச் சரிந்து, அட்டை அடுக்கின் மேல் மல்லாந்து விழுந்து, ஒரு காலை மட்டும் தூக்கி உதறினீர்கள். ஏழுமலை ஓடிவந்து மேஜையைத் தட்டி ஒன், டூ, த்ரீ எண்ணினார். யாரோ என் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். விசில் பறந்தது. அவ்வளவு அழகாக ஒருவர் விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த வசனம் நிஜமென்று ஒருவருக்கும் தோன்றாதபடி விழுந்தீர்கள்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, தலைமையாசிரியையிடம் படத்தை வாங்கினீர்கள். அவர் அளவையும் பெயரையும் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார். வழக்கமாக நீங்கள் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பீர்கள். அன்று அதையும் சொல்ல முடியாதபடி நான் செய்துவிட்டேன். சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மேலிருந்து கீழே பார்த்து, படித்தவரைப் போலத் தலையசைத்தீர்கள். "வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்கம்மா" என்றீர்கள். அந்தத் தலையசைப்பை நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்தும், ஜெயித்தவனாகவே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "அடுத்த வாரம் யார் கை மேல?" என்றீர்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சொன்னதைக் காட்டிலும் அந்த நிம்மதிதான் எனக்கு இன்று பெரிய வெட்கம். உங்களுக்கு ஒன்றும் வலிக்கவில்லை, எல்லாம் விளையாட்டுதான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு என் கைபேசியில் பந்தயப் பட்டியலைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேட்டதே இல்லை. நானாகப் படிக்கப் போனாலும், "வாணாம் வாத்யாரே, மூஞ்சியப் பாத்தா யாருன்னு தெர்தில்ல" என்றீர்கள். ஆறேழு மாதம் அப்படியே போயிற்று. மாலைச் சண்டைகள் நடந்தன. நீங்கள் எப்போதும்போல அருமையாக விழுந்தீர்கள். ஒவ்வொரு வாரமும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று வருவேன்.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு நான்கு நாள் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் கடைக் கதவில் பூட்டோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை நான் வாய்விட்டுப் படித்தேன், பக்கத்தில் கஸ்தூரி கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஏழுமலையின் ஆட்டோவில் வந்தேன். கடற்கரைச் சாலை நெடுக அவர் உங்களைப் பற்றியே பேசினார். நடுவில் சிரித்துக்கொண்டே, "உங்க டயலாக்குலயே டாப்பு அந்தப் படிக்கத் தெரியாதுன்னீங்களே, அதான் சார்" என்றார். "நாங்க மெய்யாலுமே ஷாக்காய்ட்டோம். நீங்க போனப்புறம் பாய்தான் சொன்னாரு, டேய், அது நானே எழுதிக் குட்த்த டயலாக்குடா, வாத்யாரு சொல்லமாட்டேன்னு ஒரே அடம், நான்தான் கம்பல் பண்ணேன்னாரு. நீங்க பேப்பர் எல்லாம் படிப்பீங்களா பாய்னு கேட்டேன். நான் படிக்காத பேப்பரான்னாரு."

நீங்களே எழுதிக் கொடுத்ததாம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் அன்று நீங்கள் அட்டை அடுக்கின் மேல் விழுந்தது வீணாகியிருக்கும். நான் உடைத்ததை ஒரே வாக்கியத்தில் ஒட்டி, என் மானத்தையும் உங்கள் ரகசியத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலே போயிருக்கிறீர்கள். "ஆமாம், அவர்தான் சொல்லச் சொன்னார்" என்றேன் ஏழுமலையிடம். நீங்கள் போட்ட திட்டத்தின்படி நான் சரியாகச் சொன்ன வசனம் அது ஒன்றுதான்.

இந்த மடலில் உங்கள் பெயர் இல்லை, சந்தின் பெயர் இல்லை. ஏழுமலையும் கஸ்தூரியும் நான் வைத்த பெயர்கள். உங்களால் படிக்க முடியாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை காலைகளில் இப்போதும் பார்க்கிறேன். கதவைச் சாத்திக்கொள்வதில்லை. திரையில் பெயர்கள் ஓடும்போது என் வாய் தானாகப் படிக்கத் தொடங்கிவிடும். இன்னாருக்கும் இன்னாருக்கும், இன்ன பெல்ட்டுக்காக என்று ஒவ்வொரு பெயராக, நிதானமாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி.

"யாருக்குப் படிச்சுக் காட்டிண்டிருக்கேள்?" என்று இன்று காலை சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"புதுக் கண்ணாடி" என்றேன். "எழுத்து சரியாத் தெரியறதான்னு படிச்சுப் பாக்கறேன்."