வாக்குத்தத்த அட்டை

கிறிஸ்டோ அப்பா,

கோரமண்டல் ஸ்டேஷன்ல ஆறு மணி ரயிலைப் பிடிக்கக் கிளம்பிட்டேன். கம்பெனியில லீவு குடுக்கல. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. உங்க ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க உங்க தம்பி பத்து மணிக்கு வண்டி எடுத்துட்டு வருவாரு. சாப்பிட்டுட்டுப் போங்க.

நேத்து, "லக் இருந்தா ஒண்ணும் இருக்காது"ன்னு சொன்னேன். "கிறிஸ்தவங்க பேசற பேச்சா இது, இன்னா லக்கு?"ன்னு கத்தினீங்க. சரி, இனிமே சொல்லல.

சாவிய பக்கத்து வீட்டு வாணிகிட்ட குடுங்க.

வினோலியா

பி.கு.: புத்தாண்டு ஆராதனையில இந்த வருஷத்துக்கான பைபிள் வசனம்னு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தோமே. முதல் அட்டையில உபத்திரவம்னு இருந்ததும், யாருக்கும் தெரியாம பெட்டியில திரும்பப் போட்டுட்டு வேற எடுத்தீங்க. பின்னாடி நின்னு பார்த்தேன். நீங்க போட்டதைத்தான் நான் எடுத்தேன். அது என் பைபிள்ல இருக்குது. தைரியமா போயிட்டு வாங்க.