ஆய்க்குடியில் எனக்கு ஒரு தாய்

1943, ஆனி 21, திங்கள்

சாரல். விடிந்ததிலிருந்து விட்டு விட்டு. துணி எதுவும் காயவில்லை. பாவாடையை அடுப்படியில் தொங்கவிட்டேன். அதற்கு அத்தை மத்தியானம் வரை முணுமுணுப்பு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தென்காசியில் எனக்கு இருக்கும் ஒரே சொந்தம். ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, பர்மாவிலிருந்து நடந்து வந்து இவள் வாசலில் நின்று வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் என் தட்டைத் தனியாகத்தான் கவிழ்த்து வைக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி அரிசிக் கார்டு பற்றிப் பேச வந்தவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள். "இவ அம்மைக்கு ஊரு எது?"

அத்தை: "ஆய்க்குடி. நல்ல குடும்பம். பாவி, பர்மாவுல போயிச் சேந்துட்டா." முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நல்ல நடிப்பு.

என் அம்மா மோல்மேன்காரி. பர்மியப் பெண். பெயர் மா கின். ஆய்க்குடி எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. வந்த புதிதில் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது அத்தை இந்தக் கதையைத் தெருவில் விட்டுவிட்டாள். எழுந்து பார்க்கிறேன், ஆய்க்குடியில் எனக்கு ஒரு தாய். மறுத்தால் வீட்டைவிட்டுப் போ என்பாள். போக இடம் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் சுப்பையா அண்ணாச்சி. சோடாக் கடைக்காரர், நம் கட்சியின் கிளைச் செயலர். (இனி சு.அ.) தலைவர் அவர்கள் குற்றாலம் வருகிறாராம்! ஒரு மாதம் தங்கி நூல் எழுதப் போகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். வடமொழி கலவாத தமிழ், திருத்தமான கையெழுத்து.

"ஒன்னைய விட்டா ஆரு இருக்கா தங்கச்சி" என்றார்.

அப்பா இருந்தால் இன்று தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்திருப்பார்.

ஆனி 22, செவ்வாய்

வேலை: வெள்ளைச் சேலை துவைத்தது, கஞ்சி போட்டது. பேனா முள் புதிது. மைப் பொட்டலம்.

அத்தைக்கு ஒரே பெருமை. தலைவர் மேல் அல்ல, சு.அ. வீடு தேடி வந்தார் என்பதில்.

பழைய நினைவு. மோல்மேனில் மரக்கிடங்குக் கணக்கர் வீட்டு மாடிக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, தலைவர் வந்தார். அம்மா மாலை போட்டாள். அம்மா சமைத்த சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இவரும் தமிழினத்தின் தாய்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மா அவர் பத்திரிகையை வைத்துத்தான் தமிழ் எழுத்துப் படித்தாள். விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு, அப்பா சொல்லிக் கொடுக்க. "ழ" மட்டும் கடைசிவரை வரவில்லை.

இந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியும். அது போதும்.

ஆனி 24, வியாழன்

குற்றாலம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ், ஏற்றத்தில் நின்றுவிட்டது. பாதி வழி நடை.

பங்களா பெரியது. யாரோ மிராசுதார் கொடுத்தது. உள்ளே தலைவரைச் சுற்றி ஒரு கூட்டம், எல்லாம் பட்டணத்து ஆட்கள். எவனுக்கும் ஒரு வேலையும் கிடையாது. ஒருவன் விசிறுகிறான், இந்தக் குளிரில். ஒருவன் அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே "ஆகா" என்கிறான்.

தலைவர் கம்பளிக் குல்லா, கழுத்துத் துண்டு, இரண்டு சட்டை. மோல்மேனில் பார்த்ததைவிடப் பருத்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தார். "அழகு" என்றார். அதுவே எனக்கு நிறைந்துவிட்டது.

இங்கே காப்பி என்று சொல்லக்கூடாது. "காலைப் பானம்." மாலையிலும் காலைப் பானம் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். விசிறிக்காரன் முறைத்தான்.

நூலின் பெயர் "தூய தமிழினம்".

ஆனி 26, சனி

எழுதியது: முதல் இரண்டு பகுதிகள். மை விரலெல்லாம்.

இன்றைய பகுதியில் அருவி வருகிறது. மலையில் பிறந்து பாறையில் விழும் அருவிபோல நம் இனமும் கலப்பற்றது, அந்த நீரில் நின்றவனே தமிழன், இப்படி ஒரு பக்கம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் (இனி த.) இதுவரை அருவிப் பக்கமே போகவில்லை. பின்கட்டில் அண்டா அண்டாவாக வெந்நீர் போடுகிறார்கள். விறகுக்காரி என்னிடம், "என்ன தாயி, வெந்நியில குளிக்கவா இம்புட்டு தூரம் வந்தாரு?" என்று கேட்டாள். தலைவருக்குச் சளி என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

குரங்கு வந்து அவர் தட்டிலிருந்து மலைவாழைப்பழத்தை எடுத்துப் போனது. நாற்காலி மேல் ஏறிவிட்டார். ஆகாக்காரன் அதற்கும் ஆகா சொல்லியிருப்பான், வாய் வரவில்லை.

சு.அ. செய்தி: அடுத்த ஞாயிறு தென்காசிக் கொட்டகையில் பெரிய கூட்டம். மகளிர் சார்பில் நான் பேச வேண்டும்.

பேச்சுக்குக் குறிப்பு: பர்மா நடை. அம்மா. தமிழ் எழுத்து. "ழ".

ஆனி 29, செவ்வாய்

எப்படி எழுதுவது.

இன்று நான்காம் பகுதி. தலைப்பு "கலப்பு". த. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நான் எழுத. வெளியே சாரல்.

"கடல் கடந்து பிழைக்கப் போனவன் பொருளோடு திரும்பினால் குற்றமில்லை. அங்குள்ள பெண்ணைக் கூடிப் பெற்ற பிள்ளையோடு திரும்புகிறானே, அந்தப் பிள்ளை தமிழ்ப் பயிரிடையே முளைத்த களை. நம் மொழி பேசும். நம் உடை உடுக்கும். ஆயினும் களை களையே."

"களையே" வரை எழுதிவிட்டேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. பிறகு நின்றது.

"ஏன் நிறுத்தினாய்?"

"ஐயா, என் அம்மா பர்மியப் பெண்."

கண்ணைத் திறந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். மூக்கை, கண்ணை, மாட்டுத் தரகன் பார்ப்பதுபோல.

"ஆய்க்குடி என்றல்லவா சுப்பையா சொன்னார்?"

"அது என் அத்தை கட்டிய கதை. நீங்கள் மோல்மேனில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அம்மா கையால் சாப்பிட்டீர்கள். அவளைத் தமிழினத்தின் தாய் என்றீர்கள்."

"எத்தனையோ வீடுகளில் உண்டிருக்கிறேன் அம்மா."

சற்று நேரம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மிகவும் பரிவாகச் சொன்னார்: "இது பொதுவாக எழுதப்படுவது. உன்னைச் சொல்லவில்லை. ஞாயிறன்று நீ மேடையில் வருகிறாய். மக்களுக்குக் குழப்பம் கூடாது. ஆய்க்குடி என்றே இருக்கட்டும்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கே விட்டோம்?"

"களை களையே" என்று படித்துக் காட்டினேன். ஆம், படித்துக் காட்டினேன். மீதியையும் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தில் அந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் அழகாக அமைந்திருக்கிறது. சனியன்.

ஆனி 30, புதன்

போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

அத்தையும் அவரும் ஒன்று. இவள் சாதிக்குப் பயந்து கட்டிய பொய்யை அவர் இனத்துக்காக வாங்கி வைத்துக்கொண்டார். இவளாவது எழுத்து வாசனை இல்லாதவள். அந்த ஆள் எங்கள் வீட்டில் இரண்டாம் சோறு தின்றவர்.

அத்தையிடம் சொன்னேன், தலைவருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று. முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அவர் ஆய்க்குடி என்றே இருக்கட்டும் என்றார் என்றேன்.

"பெரிய மனுசன்னா அப்பிடிலா இருக்கணும்" என்றாள். "நீயும் ஞாயித்துக்கெழம வாய வச்சுக்கிட்டு சும்மா இரி, ஏட்டி. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அம்மா நடந்து வந்திருக்கத் தேவையே இல்லை. அவள் ஊர், அவள் மக்கள். அப்பா இறந்தபின் யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. "நீ தமிழ்ப் பெண், உன் ஊருக்குப் போய்ச் சேரணும்" என்று என் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மலைப் பாதையில் வாந்திபேதி. ஒரே பகல். மேலே போட மண்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை, இலை போட்டேன். கடைசியாகக் கேட்டது, அப்பா சொல்லும் அந்த அருவி இன்னும் எவ்வளவு தூரம் என்று. குற்றாலத்துச் செண்பகாதேவி அருவி. அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.

அவளை நான் ஆய்க்குடிக்காரி ஆக்க வேண்டுமாம்.

ஆனி 32, வெள்ளி

சு.அ. வந்தார். பேச்சு எழுதியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று.

"அம்மையப் பத்தி ரெண்டு வரி வரட்டும் தங்கச்சி. ஆய்க்குடி முருகன் சன்னதித் தெருன்னு ஒரு வார்த்தை போட்டுக்கோ. சனத்துக்குப் பிடிக்கும்." கோயிலே வேண்டாம் என்று மேடையில் முழங்குகிற கிளைச் செயலர்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.

சீனி தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அரைப் புட்டி.

ஆடி 2, ஞாயிறு

முழுவதும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கொட்டகை நிறைந்த கூட்டம். கடையநல்லூரிலிருந்து முஸ்லிம் நெசவுக்காரர்கள், வடகரையிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள். தகரக் கூரையில் மழைச் சத்தம். பெண்கள் ஓரமாக ஒரு வரிசை, அதில் அத்தை, பட்டுச் சேலையில்.

த. ஒரு மணி நேரம் பேசினார். வெந்நீரில் குளித்துக்கொண்டு சொன்ன அந்த அருவியும் வந்தது. கடையநல்லூர் ஆட்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் தொழுகை மாறிய தமிழர், இரத்தம் மாறாதவர்" என்றார். அவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு என்னை அழைத்தார்.

"இதோ செண்பகம். தந்தை தென்காசி, தாய் ஆய்க்குடி. இரு பக்கமும் கலப்பில்லை. அயல் மண்ணில் பிறந்தும் அந்த மண் ஒட்டாமல் திரும்பிய தமிழ்ப் பெண்."

கைதட்டல். சு.அ. மைக்கை என் உயரத்துக்குத் தணித்து வைத்தார். எழுதி வைத்த பேச்சு மடியில் இருந்தது. எடுக்கவில்லை.

"என் அம்மா பெயர் மா கின்" என்றேன். "ஊர் மோல்மேன். பர்மியப் பெண். ஆய்க்குடியை அவள் பார்த்ததில்லை. தமிழ் எழுத்தை இவர் பத்திரிகையில் படித்தாள். இவருக்குச் சோறு போட்டாள். இவர் எழுதும் நூலில் நான் களை. அதையும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "பொறவு? சொல்லும்மா, பொறவு?"

"பொறவு ஒண்ணும் இல்லை. அவள் வழியில் இறந்துபோனாள்."

"ஏலே, மைக்க எடுலே" என்று சு.அ. கத்தினார். ஆகாக்காரன் என் தோளைப் பிடித்துக் கீழே இறக்கினான். த. நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், எங்கே விட்டோம் என்று கேட்கிற அதே முகத்தோடு.

அத்தை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தட்டு கவிழ்ந்தபடி இருந்தது. சாப்பிடவில்லை.

ஜூலை 20, செவ்வாய்

இனித் தேதி எனக்கு வசதிப்பட்டபடி.

வெயில். துணி காய்ந்தது.

கட்சிப் பத்திரிகையின் நிருபர் நேற்றே எழுதி அனுப்பிவிட்டாராம்: "மகளிர் சார்பில் செண்பகம் சில சொற்கள் கூறி அமர்ந்தார்." சு.அ.வே வந்து சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார். கையில் ஒரு காகிதக் கட்டு. நான் எழுதிய நான்கு பகுதிகளும்.

"வேற ஆளு போட்டுப் பாத்தாச்சு தங்கச்சி. எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கு. தலைவரு சொல்லுதாரு, நடந்தது நடந்துபோச்சு, மீதியையும் நீயே எழுதிக் குடுத்திரட்டும், வீட்டுல இருந்தே எழுதட்டும், பேரு மட்டும் வெளிய வரவேண்டாம்னு."

களை வேண்டாம், களையின் கை மட்டும் வேண்டும்.

"எழுதித் தருகிறேன் அண்ணாச்சி. முதல் பக்கத்தில் ஒரு வரி போடுவேன். 'எழுதியவள், மோல்மேன் மா கின் மகள்.' சம்மதமா என்று கேட்டு வாருங்கள்."

"வெளையாடுதியா?"

"இல்லை."

கட்டைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார், திரும்பி வந்து சரிசெய்யவும் இல்லை.

அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இரண்டு நாளாகப் பேசாதவள்.

"தெருவே சிரிக்கு" என்றாள். "குழாயடில நிக்க முடியல. ஒனக்கு இனி எவன் வருவான்? எங்க அண்ணன் மானத்த கொட்டகையில வித்துட்டு வந்துட்ட."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கேக்காளுவ எல்லாரும். ஒங்க மதினி பேரு என்ன, பேரு என்னன்னு. ஆய்க்குடிக்காரிக்கு ஒரு பேரு வச்சிருந்தேன், அது இனி செல்லாது." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தப் பேர இன்னொரு மட்டம் சொல்லு, ஏட்டி. தப்பாச் சொன்னா அதுக்கும் சிரிப்பாளுவ."

"மா கின்."

"மா கின்" என்றாள் அத்தை. திட்டுகிற குரலில்தான் சொன்னாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.