மூன்று திகதிகளும் ஒரே நாள் என்பதைத் தெரிவித்தல்

அனுப்புனர்:
திருமதி கோசலா நிமலன்,
முன்பள்ளி ஆசிரியை,
சுருவில், ஊர்காவற்றுறை,
யாழ்ப்பாணம், இலங்கை.

பெறுநர்:
மாண்புமிகு உறுப்பினர் அவர்கள்,
பிரதிநிதிகள் சபை, ஐக்கிய அமெரிக்கா.
(என் கணவர் வசிக்கும் டெக்சஸ் மாநிலத் தொகுதியின் உறுப்பினர்)

விடயம்: திரு. பரமலிங்கம் நிமலனின் புகலிடக் கோரிக்கைக் கோப்பில் என்னால் நேர்ந்த பிழையைத் திருத்த உதவி கோரலும், தங்கள் வாக்குகள் சில பற்றியும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தங்கள் தொகுதி வாக்காளர் அல்ல. தங்கள் நாட்டை ஒருமுறையேனும் பார்த்தவளும் அல்ல. எனினும் என் கணவர் நிமலன் பதினொரு ஆண்டுகளாகத் தங்கள் தொகுதியில், பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடையொன்றில் வேலை செய்து வருகிறார். தொகுதியில் வசிப்பவரின் குடிவரவுக் கோப்பு பற்றி விசாரித்து எழுத உறுப்பினருக்கு வழியுண்டு என்று தங்கள் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பியே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

2. உதவி கேட்பதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. தங்கள் கட்சியின் கருத்துகள் என் கருத்துகள் அல்ல. கடந்த ஆண்டு ஜூலையில் அந்தப் பெரிய சட்டமூலம் 218க்கு 214 என்று நிறைவேறியபோது, ஆதரித்தவர்களின் பட்டியலில் தங்கள் பெயரை நான் தேடிக் கண்டுபிடித்தேன். ஏழைகளின் வைத்திய உதவியைக் குறைக்கும் சட்டத்துக்குத் தாங்கள் ஆம் சொன்னதில் எனக்கு மிகுந்த மனவருத்தம். நான் எங்கள் மாதர் சங்கத்தின் செயலாளர். மூன்று பக்க யாப்புத் திருத்தத்தை வாசிக்க நாங்கள் அங்கத்தவர்களுக்கு இரண்டு கிழமை அவகாசம் கொடுக்கிறோம். தாங்கள் எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்டதை எத்தனை நாளில் வாசித்தீர்கள் என்பதைத் தங்கள் மனச்சாட்சியே அறியும்.

3. சுருவிலில் இருக்கும் ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். காரணம் இதுதான். என் கணவருக்குப் பன்னிரண்டு மணித்தியால வேலை. செய்தி பார்க்க நேரமில்லை. ஆனால் தன் கோப்பின் விதி தங்கள் சபைகளில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆகவே நான் இங்கே காலையில் ஆடுகளைக் கட்டிவிட்டு, முன்பள்ளிக்குப் போகுமுன், முதல்நாள் அமர்வைத் தொலைபேசியில் பார்த்துக் குறிப்பெடுத்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் அழைப்பார். "சொல்லும் கோசலா, எங்கட ஆக்கள் இந்தக் கிழமை என்ன செய்தவை?" என்பார். எங்கட ஆக்கள் என்பது தங்களைத்தான்.

4. மற்றக் குடும்பங்களில் தொலைபேசியில் பிள்ளைக்குப் பல் முளைத்த கதை பேசுவார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் முடித்து நாங்கள் ஒன்றாக இருந்தது பதினாலு மாதங்கள் மட்டுமே. எங்கள் பேச்சில் வருவது எந்தச் சட்டமூலம் எந்தக் குழுவில் நிற்கிறது என்பதும், செனட் சபையில் அறுபது வாக்குக்கு இன்னும் எத்தனை குறைகிறது என்பதும்தான். இதைச் சிரிப்பாக எடுத்தால் சிரிக்கலாம். நாங்களும் சில ஞாயிறுகளில் சிரித்திருக்கிறோம்.

5. இனிப் பிழைக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு என் கணவரைச் சீருடை அணியாத சிலர் வீட்டிலிருந்து விசாரணைக்கென்று கூட்டிச்சென்று நான்கு நாட்கள் வைத்திருந்தார்கள். அவர் எப்படித் திரும்பி வந்தார் என்பது கோப்பில் இருக்கிறது. அதை இங்கே மறுபடி எழுத என்னால் ஏலாது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நாட்டை விட்டுப் போனார்.

6. அவர் அங்கே புகலிடம் கோரியதும், சாட்சியாக 2015இல் நான் ஒரு மனு எழுதினேன். கூட்டிச்சென்ற நாளைக் குறிக்க வேண்டிய இடத்தில் பேனையோடு யோசித்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் பார்வதிப்பிள்ளை, "திகதி ஆருக்குத் தெரியும் பிள்ளை, அம்மாளுக்குக் கொடியேறின அடுத்தநாள் எண்டு எழுது, எல்லாருக்கும் விளங்கும்" என்றார். அப்படியே எழுதினேன். நயினாதீவு அம்மன் கோயில் ஆனித் திருவிழாக் கொடியேற்றத்தை வைத்து நாள் சொன்னால் தீவுப்பகுதியில் விளங்காதவர் எவருமில்லை. அமெரிக்காவில் விளங்குமா என்று நான் யோசிக்கவில்லை.

7. அடுத்த பிழை இதிலும் பெரியது. இங்கே காணாமல்போன ஆளைத் தேடுகிறவர்கள் எவரும் ஓர் இடத்துக்கு மட்டும் மனுக் கொடுப்பதில்லை. ஒரு கந்தோருக்குக் கொடுத்த மனு அந்தக் கந்தோருக்குள்ளேயே செத்துப்போகும் என்று பட்டறிந்தவர்கள் நாங்கள். அடியில் "பிரதிகள்" என்று போட்டு ஜனாதிபதி, ஆயர், செஞ்சிலுவைச் சங்கம் என்று பத்துப் பேருக்காவது அனுப்புவோம். அதே பழக்கத்தில் நான் தங்கள் நாட்டின் பதினொரு கந்தோர்களுக்கு, வெள்ளை மாளிகை உட்பட, மனுவை அனுப்பினேன். வேகமாக முடிக்க வேண்டி மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்தேன்.

8. ஒருவர் கொடியேற்றத் திகதியைத் தன் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பார்த்தார். அது 2015இன் நாட்காட்டி. திருவிழா ஆண்டுக்கு ஆண்டு மாறும். இரண்டாமவர், அம்மாள் என்று நான் எழுதியதைத் தன் ஊர் அம்மன் கோயில் என்று எண்ணி, அந்தக் கொடியேற்றத்துக்கு மறுநாளைப் போட்டார். மூன்றாமவர் எதையும் பார்க்காமல் "ஜூன் கடைசி" என்று எழுதிவிட்டார். நான் மூன்றிலும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். பிறகு எங்கள் நாட்டில் ஒருநாளும் நடக்காத ஒன்று தங்கள் நாட்டில் நடந்தது. அனுப்பிய மனுக்கள் போய்ச் சேர்ந்தன. எல்லாம் ஒரே கோப்புக்குள் சேர்ந்தன.

9. 2024 ஒக்டோபரில், ஏறக்குறையப் பத்தாண்டு காத்திருப்புக்குப் பிறகு, அவருக்கு நேர்முகம் கிடைத்தது. அதிகாரி மூன்று விதமான கடிதங்களையும் மேசையில் வைத்து, உம்முடைய மனைவி மூன்று நாள் சொல்கிறார், எது உண்மை என்று கேட்டிருக்கிறார். என் கணவருக்குச் சரியான திகதி தெரியும். தன் வாக்குமூலத்தில் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் அன்று அவர் வாய் திறக்கவில்லை. பின்னர் என்னிடம் சொன்னார்: "அந்தக் காகிதங்களில உம்மட கையெழுத்தைக் கண்டனான் கோசலா. பேனை மையால போட்ட உம்மட கையெழுத்து. போனில அதைக் காணேலாதுதானே. பிறகு அவர் கேட்டது ஒண்டும் காதில ஏறேல்லை. நீர் எழுதினதாலதான் இப்பிடி எண்டு மட்டும் நினையாதையும்."

10. நான் அப்படித்தான் நினைக்கிறேன். கோப்பு "மேலும் ஆராய" என்று ஒதுக்கப்பட்டது. சென்ற நவம்பர் இறுதியில், அங்கே புகலிடம் பெற்றிருந்த ஒருவன் செய்த கொலைக்குப் பிறகு, எல்லாருடைய புகலிட முடிவுகளும் நிறுத்தப்பட்டன. ஒருவனின் குற்றத்துக்காக அவனை அறியாதவர்களையும் சேர்த்துத் தண்டிப்பது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதைத் தங்கள் நாட்டிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை, ஐயா.

11. தங்கள் சபையை நான் வெறுமனே குறை சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நாற்பத்து மூன்று நாள் அரசாங்கம் பூட்டிக்கிடந்தபோது, வைத்தியக் காப்புறுதிக்காக எதிர்த்தரப்பு நின்றது நியாயம் என்றே கருதினேன். கடைசியில் செனட் சபையில் அவர்கள் பக்கம் எட்டுப் பேர் இறங்கிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நிமலனிடம் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது என்று சிரித்தார். என்றாலும், ஒவ்வொரு பெயரும் கூப்பிடப்பட்டு அதன் எதிரே ஆம், இல்லை என்று எல்லோரும் அறிய எழுதப்படுகிறதே, அந்தக் காட்சியில் எனக்குத் தீராத ஆசை. என் கணவரைக் கூட்டிச்சென்றவர்களுக்குப் பெயரே இருக்கவில்லை.

12. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. புகலிடம் கிடைத்தால் மனைவியை அழைக்கலாம் என்பது சட்டம். பிள்ளை பெறும் வயது எந்தச் சபையும் கூடும்வரை காத்திருக்காது. முன்பள்ளியில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பெயர் எழுதப் பழக்கும்போது சில நாட்களில் கை நின்றுவிடுகிறது. எனக்கு அவரோடு இருக்க வேண்டும். இதற்கு மேல் மரியாதையான சொற்களில் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து,

(அ) இத்துடன் இணைத்துள்ள 2014ஆம் ஆண்டின் மகோற்சவ விஞ்ஞாபனத்தை, அதாவது கோயில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்த திருவிழா அறிவித்தலை, குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பி, மூன்று கடிதங்களும் அதிலுள்ள கொடியேற்றத்துக்கு மறுநாளாகிய ஒரே நாளையே சொல்ல எழுதப்பட்டவை என்று ஒரு வரி எழுத வேண்டும். இது பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக என் அலுமாரியில் இருந்தது. நாரந்தனையிலுள்ள ஆங்கில ஆசிரியை அஞ்சலா இதையும் இம்மனுவையும் மொழிபெயர்த்தார். இம்முறை ஒவ்வொரு திகதியையும் உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்திட்டேன்.

(ஆ) நிறுத்தப்பட்ட முடிவுகளை மீண்டும் தொடங்கும் கேள்வி எப்போதாவது தங்கள் சபைக்கு வந்தால், கட்சி சொல்வதைப் பாராமல் ஆம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பட்டியலில் தங்கள் பெயரைத் தேடுவேன்.

(இ) முதல் இரண்டும் தங்களால் முடியாது போனால், இதையாவது செய்ய வேண்டும். தங்கள் தொகுதிக் காரியாலயம் என் கணவரின் கடையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அவரை ஒருநாள் அழைத்து, என் கையெழுத்துள்ள இம்மனுவின் மூலப் பிரதியைச் சற்றுநேரம் கையில் கொடுத்து வைத்திருக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம்.

இடம்: சுருவில்
திகதி: 12.02.2026 (இதை நாட்காட்டியில் பார்த்தே எழுதினேன்)

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
கோசலா நிமலன்
(கையால் இட்ட ஒப்பம்)

இணைப்பு: மகோற்சவ விஞ்ஞாபனம், 2014.
பிரதிகள்: எவருக்கும் இல்லை.