நம்மூர் அறையில் உருகும் உலோகம்

இன்று மதியம் கரண்ட் போய்விட்டது. லேபில் சூடு முப்பது டிகிரியைத் தாண்டியது, அலமாரியிலிருந்த காலியம் குப்பிக்குள்ளேயே நெகிழ்ந்து வெள்ளியாக ஓடத் தொடங்கிவிட்டது. மார்கழியில் கல் மாதிரி கிடந்த உலோகம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு கோடை ஆகிறது.

தஞ்சாவூர் வினாடி வினாவுக்கு நன்னிலத்திலிருந்து நம் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப்போனோமே, அன்றும் இப்படித்தான் வெயில். நான் வேதியியல் டீச்சர், நீ இயற்பியல். ஆனாலும் என் அலமாரிக் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவள் நீதான். பஸ்ஸிலேயே அது உருகியதைக் காட்டி, பிள்ளைகளைக் கைதட்ட வைத்தாய்.

கடைசிச் சுற்றில் நாமும் இன்னொரு பள்ளியும் சமம். "அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது?" என்று கேட்டார் நடுவர். நம் கவிதா பட்டென்று, "காலியம்" என்றாள்.

"தவறு. பாதரசம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. நீ எழுந்தாய். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "பேசாம உக்காரு, மானம் போகுது." நீ கேட்டால்தானே!

"சார், எந்த ரூமுலங்க?"

"புத்தகத்துல இருபத்தஞ்சு டிகிரிம்மா."

"கேள்வியில அப்படிச் சொல்லலீங்களே. இந்த ரூமுல இருந்து பாருங்க."

நேராக மேடையேறி அவர் கையில் குப்பியைக் கொடுத்தாய். அவர் சாய்த்துப் பார்த்தார். உள்ளே உலோகம் வழிந்தோடியது. "சீசியமும் இந்தச் சூட்டுல உருகிரும் சார். ஆனா காத்துப் பட்டாலே பத்திக்கும், அதைப் பையில போட்டுக் கொண்டாந்தா நாம யாரும் வீடு போய்ச் சேர மாட்டோம்" என்றாய். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தபடி, "சரிங்க, இங்க உங்க பொண்ணு சொன்னதும் சரிதான்" என்று மதிப்பெண் போட்டார். திரும்பும்போது பஸ் முழுக்கப் பாட்டு. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள் கவிதா.

அன்று எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. கூட்டத்தில் வாய் திறப்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உனக்குத் தெரியாததா?

போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில், கணக்கில் மார்க் குறைந்த ஒரு பெண்ணுக்கு அறிவியல் பிரிவு கிடையாது என்றார்கள். நான் எழுந்தேன். "எந்த விதியிலங்க?" என்று கேட்டேன், முடிக்கும்வரை உட்காரவில்லை. திங்கட்கிழமை முதல் அவள் என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருக்கிறாள். வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறாள். உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.